தாம்பூலப் பைக்குள் போகும் புத்தகங்கள்

அடுத்தவர் பெயரில் புத்தகம் எழுதிக் கொடுப்பது என் தொழில். சென்னையில் கோஸ்ட் ரைட்டிங் என்றால் ஓரளவு புரிந்துகொள்வார்கள். ஈரோட்டில் சொன்னால் "டைப் அடிச்சுக் குடுப்பீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தபோது ஓய்வு நேரத்தில் தொடங்கி, பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்கிறேன். எழுத வரும், ஆனால் எழுத்தை வைத்து எப்படிச் சோறு தின்பது என்று தெரியாத இளைஞர்கள் நிறையப் பேர் இப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அமெரிக்க யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே கணக்கு வேறு. 1987-ல் டொனால்ட் டிரம்ப் பெயரில் வந்த புகழ்பெற்ற வியாபாரப் புத்தகத்தை எழுதியவர் டோனி ஷ்வார்ட்ஸ் என்ற பத்திரிகையாளர். பதிப்பகம் கொடுத்த ஐந்து லட்சம் டாலர் முன்பணத்தில் பாதி, ராயல்டியில் பாதி, அட்டையில் தன் பெயர் என்று பேசி வாங்கிக்கொண்டார். டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாசியின் தன்வரலாற்றையும் (2009) இளவரசர் ஹாரியின் தன்வரலாற்றையும் (2023) எழுதியது ஒரே ஆள், ஜே.ஆர். மோரிங்கர். இந்தப் புத்தகங்கள் எல்லாம் கடையில் லட்சக்கணக்கில் விற்கும் என்று தெரிந்தே பதிப்பகம் பணத்தைக் கொட்டுகிறது, எழுதுகிறவருக்கும் அதிலிருந்து பங்கு. இதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து "ராயல்டியில எத்தனை பர்சென்ட் கேக்கலாம் மேடம்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? பூஜ்யத்தில் ஐம்பது சதவீதமும் பூஜ்யம்தான்.

நம்மூரில் என்னைத் தேடி வருகிறவர் விற்பதற்காகப் புத்தகம் போடுவதில்லை. விழாவுக்காகப் போடுகிறார். அறுபதாம் கல்யாணம், எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம், கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டு, பள்ளிக்கூடத்தின் வைர விழா, அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். எழுதுவதிலிருந்து அச்சடிப்பதுவரை எல்லாச் செலவும் அவருடையது, பிரதிகள் இலவசம். இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொண்டால் தொழிலில் பாதி பிடிபட்டுவிடும், ஏனென்றால் நீங்கள் எவ்வளவு கேட்கலாம், எப்போது கேட்கலாம், எத்தனை பக்கம் எழுதலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த விழாத் தேதி. அதிலும் அறுபதாம் கல்யாணத் தேதியை யாராலும் தள்ளிப்போட முடியாது. மண்டபம் கிடைக்கவில்லை என்றால் மகள் கல்யாணத்தை அடுத்த முகூர்த்தத்துக்கு மாற்றலாம். அறுபதாம் கல்யாணம் அப்படியில்லை, பிறந்த தமிழ் வருடம் அறுபது வருடச் சுற்று முடிந்து திரும்பி வரும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில்தான் செய்வார்கள்.

இதனாலேயே என் மேசையில் பஞ்சாங்கம் ஒன்று எப்போதும் கிடக்கும். பக்தியால் இல்லை. 1965 ஏப்ரலில் இருந்து 66 ஏப்ரல் வரை பிறந்தவர்கள் விசுவாவசு வருடத்துக்காரர்கள், அவர்களுக்கு 2025-26-ல் அறுபது. அடுத்து வரும் பராபவ வருடம் 1966-67-ல் பிறந்தவர்களுடையது. கோயம்புத்தூர், திருப்பூர், கரூர் பக்கம் சொந்தமாகத் தொழில் தொடங்கி மேலே வந்தவர்களில் இந்த வயதுக்காரர்கள் நிறைய. யாருக்கு எப்போது அறுபது வருகிறது என்பது ஆடிட்டர்களுக்கு நன்றாகத் தெரியும், கையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். ஆடிட்டரைவிட நல்ல விளம்பரதாரர் இந்தத் தொழிலில் கிடையாது.

விளம்பரம் என்றதும் ஞாபகம் வருகிறது. மற்ற தொழிலில் செய்த வேலையைக் காட்டி அடுத்த வேலை பிடிக்கலாம். நமக்கு அது முடியாது, எழுதிய புத்தகத்தை நான் எழுதினேன் என்று சொல்லக்கூடாது என்பதுதானே ஒப்பந்தமே. அதனால் ஆடிட்டர், அச்சகக்காரர், மண்டபத்து மேனேஜர், ரோட்டரி சங்கத்துச் செயலாளர் என்று வாய்வழியாகத்தான் ஓடுகிறது. அச்சகக்காரர் ஒரு பங்கு கமிஷன் எதிர்பார்ப்பார், கொடுத்துவிடலாம், தப்பில்லை. காட்டுவதற்கு எதுவும் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் ஒன்று செய்யலாம்: வருகிறவரிடம் அரை நாள் உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு அத்தியாயம் எழுதிக் கொடுங்கள், அதற்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகச் செய்யாதீர்கள். இலவசமாக எழுதி வாங்கிக்கொண்டவர் அதை நாலு பேரிடம் காட்டி நாலு அபிப்பிராயம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஐயாயிரம் கொடுத்தவர் உட்கார்ந்து படிப்பார்.

சரி, பணம். முதலில் வரும் கேள்வி "பக்கத்துக்கு எவ்வளவு?" இந்தக் கேள்வி டி.டி.பி. சென்டரில் இருந்து வருகிறது, அதில் சிக்கினால் வெளியே வர முடியாது. ஒரு சராசரிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம், டெம்மி அளவில் 160 பக்கம், அதாவது பதினாறு பக்க ஃபாரம் பத்து. அதற்கு இருபது மணி நேரம் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை ஒழுங்காக எழுத்தில் இறக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும், ஆக நூறு மணி நேரம். எழுதுவதற்கு இருநூறு, குடும்பத்தார் சொல்லும் திருத்தங்களுக்கு அறுபது. மொத்தம் 380 மணி நேரம். "பக்கத்துக்கு முந்நூறு ரூபா தர்றேன், யாரும் தரமாட்டாங்க" என்று பெருந்தன்மையாக ஒருவர் சொன்னால் 48,000 ரூபாய் வரும், மணிக்கு 126 ரூபாய். இப்படி ஒரு புத்தகத்துக்கு நான் இரண்டரை லட்சத்துக்குக் கீழே ஒப்புக்கொள்வதில்லை. கேட்டவுடன் அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் அந்த விழாவின் பூ அலங்காரச் செலவு என்னவென்று விசாரித்துப் பாருங்கள், அப்புறம் கேட்கக் கூச்சம் வராது.

நாலு தவணையாக வாங்குகிறேன். கையெழுத்துப் போடும் அன்று 30 சதவீதம், ரெக்கார்டிங் முடிந்ததும் 30, முதல் வரைவைக் கொடுக்கும்போது 30, கடைசிப் பத்து அச்சகத்துக்கு ஃபைல் போவதற்கு முந்தைய நாள். கடைசித் தவணை சிறியதாக இருக்க வேண்டும், போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்கு. ஆனால் அது வராமல் பி.டி.எஃப். என் கம்ப்யூட்டரை விட்டு நகராது. "விழா முடிஞ்சதும் மொத்தமா செட்டில் பண்ணிடறோம்" என்பார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் விழா முடிந்த மறுநாள் சமையல்காரர், பந்தல்காரர், மண்டபம், வீடியோ என்று வரிசை நிற்கும், அந்த வரிசையில் புத்தகம் எழுதினவளுக்குக் கடைசி இடம்கூடக் கிடையாது, ஏனென்றால் அப்படி ஒருத்தி இருப்பதே அந்த வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். அச்சடித்து பைண்டிங் முடிய மூன்று வாரம், மெய்ப்புப் பார்க்க இரண்டு வாரம், குடும்பம் படித்துச் சண்டை போட்டு முடிவெடுக்க ஒரு மாதம், எழுத மூன்று மாதம், பேச ஒரு மாதம். ஆறு மாதத்துக்கு மேலேயே ஆகிவிடும். வருகிறவர்கள் வருவதோ விழா அழைப்பிதழ் அடித்த பிறகு, ஒன்றரை மாதம் இருக்கும்போது. அவர்களுக்கு நான் புத்தகம் எழுதுவதில்லை. படங்கள் நிறைந்த ஒரு மலர் செய்து தருகிறேன், 48 பக்கம், மூன்று ஃபாரம், பேட்டி வடிவில். அது தனி ரேட்.

புத்தகத்தின் அளவையும் விழாதான் தீர்மானிக்கும். வருகிற விருந்தினருக்குத் தேங்காய், வெற்றிலை பாக்கோடு சேர்த்துப் புத்தகத்தையும் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பதுதான் இப்போது வழக்கம். 2021 கடைசியில் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று திட்டம் கொண்டுவந்த பிறகு பலரும் சின்ன மஞ்சள் துணிப்பைக்கு வந்துவிட்டார்கள், அந்தப் பையில் டெம்மிப் புத்தகம் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், தேங்காய் இடித்து அட்டை மடங்கும். அதைவிடச் சின்னதான கிரவுன் அளவு என்றால் கச்சிதமாக உள்ளே போய்விடும். கெட்டி அட்டை போட்டு ஐந்நூறு பக்கத்தில் வரலாறு வேண்டும் என்பவர்களிடம் நான் முதலில் பையைத்தான் காட்டச் சொல்வேன். சிரிப்பார்கள், பிறகு பக்கத்தைக் குறைப்பார்கள். கனமான புத்தகத்தை மண்டபத்திலேயே நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ரெக்கார்டிங். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காசு வாங்குவது எழுதுவதற்காக என்றாலும் புத்தகம் உருவாவது இங்கேதான்.

ஒருவர், போர்வெல் ரிக் வண்டி வைத்துத் தொழில் செய்து பெரிய ஆளானவர். திருச்செங்கோட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தொழில் செய்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் என்பதால் இதில் ரகசியம் எதுவும் உடைந்துவிடாது. மற்ற அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று வண்டி ஓட்டியவர். முதல் இரண்டு நாள் அவர் பேசியது முழுக்க ஆண்டுகளும் வண்டிகளும்தான். எந்த வருடம் எந்த வண்டி வாங்கினார், எந்த பேங்க் கடன் கொடுத்தது, கம்ப்ரசர் எந்தக் கம்பெனி. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கொட்டாவி. படிக்கிறவருக்கும் அதுதான் வரும்.

மூன்றாம் நாள் பையன் வெளியூர் போயிருந்தார். நான் சும்மா கேட்டேன், "தண்ணி வரலைன்னாலும் காசு வாங்குவீங்களாங்க ஐயா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அடிக்குத்தான அம்மிணி காசு. தண்ணிக்கு இல்லையே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. ராயலசீமையில் ஒரு கடலைக்காடு. வேப்பங்குச்சி வைத்துத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், தேங்காய் உடைத்துச் சாமி கும்பிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். மேல் மண்ணுக்குக் கேசிங் பைப் இறக்கி, பாறைக்குள் போனால் வெள்ளை மாவு பறக்கிறது. தண்ணீர் நெருங்கினால் மாவு ஈரமாகும், உருண்டு உருண்டு வரும், ஹேமர் சத்தமே மாறும், அது வண்டியில் வேலை செய்பவனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும் என்கிறார். அன்றைக்கு நானூறு அடி தாண்டியும் மாவு காய்ந்தே வருகிறது. காட்டுக்காரர் முகத்தில் எல்லாம் வெள்ளைத் தூசி, கண் மட்டும் தெரிகிறது, "இன்னொரு ராடு இறக்குங்க" என்கிறார். இறக்கினால் காசு இவருக்கு. நிறுத்தினால் காட்டுக்காரருக்கு மிச்சம், ஆனால் அடுத்த ராடில் தண்ணீர் இருந்திருந்தால்? ஒவ்வொரு ராடுக்கும் அதே கேள்வி. அறுநூறு அடியில் இவரே வண்டியை நிறுத்தச் சொன்னாராம்.

சமையலறையில் இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "அந்தாளுக்குக் காசத் திருப்பிக் குடுத்தீங்களே, அதையச் சொல்லுங்க."

"பாதிதான் குடுத்தேன்."

"பாதியாவது குடுத்தீங்கல்ல?"

"பாதிதான் குடுத்தேன்" என்றார் மறுபடியும், இந்த முறை என்னைப் பார்த்து.

இதுதான் புத்தகத்தின் நடுமையமாக வந்தது. வரைவைப் படித்த பையன் நேராக எனக்குப் போன் செய்தார். தண்ணீர் வராத கதையைக் கம்பெனிப் புத்தகத்தில் எதற்குப் போட வேண்டும் மேடம், சரி போட்டால் போடுங்கள், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்ததாக எழுதிவிடுங்கள், ஒரே ஒரு வார்த்தைதானே என்றார். நான் அப்பாவிடம் கேளுங்கள் என்றேன். அவரும் கேட்டிருக்கிறார். மறுநாள் பெரியவரே கூப்பிட்டார். "பாதின்னே இருக்கட்டும் அம்மிணி. அவன் பையன் யாராச்சும் படிச்சாத் தெரியுமில்ல." அச்சில் பாதி என்றே வந்தது. விழா மேடையில் சிறப்பு விருந்தினர் அந்த இடத்தை எடுத்துச் சொல்லி, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்த வள்ளல் என்று முழங்கினார். கைதட்டல். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்று கவனிக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை மாற்றும் உரிமை பையனுக்கு இல்லை என்று என்னால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பேச்சைக் கொடுத்தவர்தான் வரைவுக்கு ஒப்புதல் தரும் ஒரே நபர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், கதை சொல்கிறவர் இன்னொருவர், திருத்தம் சொல்கிறவர்கள் மருமகன் வரை ஆறு பேர் என்றால் புத்தகம் முடியவே முடியாது. ஒப்புதல் ஒருவருடையது, அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ அவர் காலமாகிவிட்டாலோ அந்த இடத்துக்கு யார் என்பதையும் எழுதி வையுங்கள். எழுபது எண்பது வயதுக்காரர்களோடு வேலை செய்கிறோம், இதைக் கேட்கத் தயங்குவதில் அர்த்தமில்லை. அவர்கள் தயங்குவதில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் நம் ஆட்கள் நினைப்பது ஒன்று, இருப்பது இன்னொன்று. "காசு குடுத்துட்டோம், புத்தகம் எங்களுது" என்பதுதான் பொது நம்பிக்கை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவைப் பாருங்கள். காசு கொடுத்து ஃபோட்டோ எடுக்கச் சொன்னால், ஓவியம் வரையச் சொன்னால், படம் பிடிக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். எழுத்து அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால் முதலாளிக்குப் போகும், ஆனால் என்னைப் போல வெளியில் இருந்து புத்தகம் எழுதிக் கொடுப்பவர், உரிமையை எழுத்துமூலம் மாற்றித் தராதவரை அது எழுதினவருக்கே. அதே கல்யாண மண்டபத்தில் ஃபோட்டோகிராபருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். மேடைப் பேச்சு என்றால் இன்னும் வேடிக்கை, பொதுமேடையில் பேசப்பட்ட பேச்சுக்கு முதல் உரிமையாளர் பேசியவர்தான்.

உரிமையை மாற்றிக் கொடுக்க 19-ஆவது பிரிவின்படி எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்தெந்த நாட்டில் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அமெரிக்காவில் இருக்கும் பேரன் ஆறு வருடம் கழித்து மறுபதிப்புப் போட ஆசைப்பட்டால் தாத்தாவின் வாழ்க்கைக்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டிய கூத்து நடக்கும். அதனால் முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், முழுத் தொகையும் வந்த பிறகுதான் அது நடப்புக்கு வரும் என்ற ஒரு வரியோடு. அந்த வரி எனக்கு எந்த வக்கீல் நோட்டீஸையும்விட அதிகமாக உதவியிருக்கிறது. எழுதியவர் நான் என்று உரிமை கொண்டாடவோ படைப்பைச் சிதைத்தால் தடுக்கவோ 57-ஆவது பிரிவு எழுத்தாளருக்குத் தனியாக உரிமை தருகிறது, அது பதிப்புரிமையை விற்ற பிறகும் தொடரும். அதைப் பயன்படுத்திப் பெயர் கேட்கமாட்டேன் என்றும் எழுதிக் கொடுக்கிறேன். இது இல்லாமல் யாரும் நம்பி உட்கார்ந்து பேசமாட்டார்கள்.

இன்னொரு ஷரத்தும் அவசியம். வாழ்க்கை வரலாறு என்றால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வராமல் இருக்காது, கூட்டாளி ஏமாற்றிய கதை வராமல் இருக்காது. பேசும்போது பெயர், ஊர், தொகை எல்லாம் சொல்லிவிடுவார்கள். அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் இன்னமும் கிரிமினல் குற்றம். சொன்ன தகவல்களுக்குச் சொன்னவரே பொறுப்பு என்று எழுதி வாங்குகிறேன், அது போதாது என்பதும் தெரியும், ஆகவே உயிரோடு இருக்கும் ஆளைப் பற்றிய குற்றச்சாட்டு எதையும் பெயரோடு எழுதுவதில்லை. "ஒரு நெருங்கிய உறவினர்" என்று போட்டால் போதும், படிக்க வேண்டியவர்களுக்கு யாரென்று புரிந்துவிடும். மண்டபத்தில் அந்த உறவினரும்தான் வந்து உட்கார்ந்திருப்பார், அவர் பையிலும் ஒரு பிரதி போகும்.

புத்தகத்தை எழுதுவதோடு வேலை முடியாது. வாழ்த்துரை வேண்டும். சட்டமன்ற உறுப்பினர், கல்லூரித் தாளாளர், ஒரு மடாதிபதி, ஒரு பேராசிரியர். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: "நீங்களே எழுதி அனுப்புங்க, பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." ஆக நான் எழுதிய புத்தகத்தின் நடையழகைப் பாராட்டி நாலு குரலில் நாலு அணிந்துரை நானே எழுதுகிறேன். மடாதிபதிக்குத் திருமந்திரம் வர வேண்டும், தாளாளருக்குத் திருக்குறள், அரசியல்வாதிக்குத் தலைவர் பெயர் முதல் பத்தியிலேயே. பிறகு வெளியீட்டு விழாவில் பேசுபவருக்கு உரைக் குறிப்பு, நூலாசிரியருக்கு ஏற்புரை. சில சமயம் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போகும் செய்தியும். ஒரு விழாவில் மேடையில் உள்ள எல்லோரும் என் வாக்கியங்களைப் பேசிக்கொண்டிருக்க நான் பந்தியில் இரண்டாவது முறை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தேன். இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகக் காசு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் "ஒரு பக்கம்தானே" என்று வாங்கிவிடுவார்கள். வாழ்த்துரை வாங்கும்போது தேர்தல் நேரமா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

அச்சக வேலையில் ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் யூனிகோடில் எழுதுகிறோம், இன்னமும் பல அச்சகங்கள் பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகின்றன. மாற்றும்போது ஒரு வரிகூட விடாமல் படியுங்கள். கௌ என்பது கெள என்று வந்து நிற்கும், ஸ்ரீ உடைந்து போகும், கவுண்டரின் மனைவி பெயர் கௌசல்யா என்றால் உங்கள் கதி அவ்வளவுதான். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தரவும் கேட்பார்கள், அரசு அங்கீகாரம் என்று நினைத்துக்கொண்டு. அது ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் ஆன்லைனில் விண்ணப்பித்தால் இலவசமாகக் கிடைக்கும் எண், அங்கீகாரமெல்லாம் இல்லை. சொன்னால் முகம் வாடும், ஆனாலும் சொல்லிவிடுவேன். நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளும் உத்தரவு, வாங்கித் தருகிறேன் என்று மட்டும் யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எடுக்காத வேலைகளும் உண்டு. பிஎச்.டி. ஆய்வேடு எழுதிக் கொடுப்பதற்கு இங்கே பெரிய சந்தை இருக்கிறது, காசும் உடனே வரும். யு.ஜி.சி. 2018-ல் கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிமுறை கொண்டுவந்த பிறகு, சாஃப்ட்வேரில் மாட்டாமல் எழுதித் தர வேண்டும் என்று கூடுதல் காசோடு கேட்கிறார்கள். அறுபது வயதுக்காரர் தன் கதையைத் தன் பெயரில் என்னைக் கொண்டு எழுதிக்கொண்டால் யாருடைய வேலையும் பறிபோவதில்லை. ஆய்வேடு அப்படியா? அந்தப் பட்டத்தை வைத்து ஒருவர் உதவிப் பேராசிரியர் ஆவார், உண்மையாகவே எழுதின ஒருவர் வரிசையில் பின்னால் நிற்பார். அதே காரணத்துக்காகப் போட்டிக்கு அனுப்பும் கதை, கவிதையும் எழுதித் தருவதில்லை. லிங்க்டின் பதிவுகள் எழுதித் தருகிறேன், மாதக் கட்டணம், போரடிக்கும் வேலை, ஆனால் ஆடி மாதத்தில் வாடகை கட்டுவது அதுதான்.

சாட்ஜிபிடி வந்த பிறகு தொழில் படுத்துவிட்டதா என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். வாழ்த்துரைக்காரர்களில் பாதிப் பேர் அதற்குப் போய்விட்டார்கள், உண்மை. சிலர் முதல் அத்தியாயத்தையே அதில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். "கடின உழைப்பும் விடாமுயற்சியும் அவரது இரு கண்கள்" என்கிற மாதிரி பதினைந்து பக்கம், ஒரு தெருப்பெயர் இல்லை, ஒரு கடன்காரன் இல்லை. நானும் பேச்சை எழுத்தாக்க ஏ.ஐ. பயன்படுத்துகிறேன், நூறு மணி நேரம் என்று சொன்னேனே, நல்ல ஒலிப்பதிவாக இருந்தால் அது பாதியாகிறது. கொங்குப் பேச்சு வேகமாக வந்தால் அது தடுமாறிக் கண்டதையும் எழுதி வைக்கும், கேட்டுத் திருத்த ஆள் வேண்டும். ஆனால் தண்ணீர் வராவிட்டால் காசு வாங்குவீர்களா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுவிட்டு, அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் தானும் பேசாமல் உட்கார்ந்திருக்க அதற்குத் தெரியாது. இப்போதைக்கு அந்த வேலை என்னிடம்தான் இருக்கிறது.

வரி விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனி மூலமாகப் பணம் கொடுத்தால் டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், அது உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. பணமாகத் தருகிறேன், பில் வேண்டாம் என்பவர்களிடம் நான் சிரித்துக்கொண்டே பில் போடுகிறேன்.

பெயர் வராதது வருத்தமாக இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. என் பெயரில் எழுத வேண்டியதை என் பெயரில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது ஒலிப்பதிவை எழுத்தாக்க இரண்டு பெண்கள் உதவிக்கு இருக்கிறார்கள், ஒலிப்பதிவு மணிக்கணக்கில் கூலி, மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுகிறேன், எனக்கு வந்தாலும் வராவிட்டாலும். வரும் தை மாதத்துக்கு மூன்று விழா பேசியிருக்கிறது. மூன்றாவது ஆளுக்குக் கதை பிரமாதமாக இருக்கிறது, போனிலேயே ஒரு மணி நேரம் சொல்லிவிட்டார், எனக்கு இப்போதே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் இன்னும் வரவில்லை, அதனால் கணக்கில் இப்போதைக்கு இரண்டு.